எண்ணாமல் விட்ட வரிசை

நோய் விழுந்த செடியை அவள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். வயலுக்குள் இறங்கியதும் நாங்கள் எல்லாரும் அழுகிய பழத்தைச் சுற்றி உட்கார்ந்துவிடுவோம். படம் எடுப்போம், பைக்குள் போடுவோம், இது எந்தப் பூஞ்சணம் என்று விவாதிப்போம். அவள் மட்டும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்து போவாள். எங்கேயோ ஓரிடத்தில் நிற்பாள். குந்துவாள். அங்கே ஒரு கேடும் இல்லாமல், பச்சைப் பசேலென்று ஒரு செடி இருக்கும்.

“செத்ததைப் பாக்க நீங்க எல்லாரும் இரிக்கிறீங்கதானே,” என்பாள். “இது ஏன் சாகல்ல எண்டு ஆராவது கேக்கணுமே.”

இது பாடப்புத்தகத்தில் உள்ள விஷயம்தான். நோய் பரவிய வயலில் தப்பி நிற்கும் செடியின் வேர்மண்ணில், அதைக் காப்பாற்றும் பாக்டீரியா இருக்கலாம் என்று கோயம்புத்தூரில் இரண்டாம் ஆண்டிலேயே எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். ஆனால் வயலில் இறங்கினால் என் கண் அழுகலுக்குத்தான் போகும். அவள் கண் போகாது. யாரும் கற்றுக்கொடுத்து வந்ததாகவும் தெரியவில்லை. அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மொன்ட்ரியால் தீவின் மேற்கு முனையில் இருந்தது எங்கள் லேப். பழப் பயிர்களில் வரும் பூஞ்சண நோய்களை மருந்து அடிக்காமல் மண் பாக்டீரியாவைக் கொண்டு கட்டுப்படுத்துவது எங்கள் வேலை. நான் முனைவர் பட்டத்தோடு வந்து சேர்ந்தவள். அவள் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவ வந்தவள். ஒரே வருடத்தில் பேராசிரியர் அவளை உதவித் தொழில்நுட்பராக்கிவிட்டார். மட்டக்களப்பில் விவசாயப் பள்ளியில் படித்தாள் என்று தெரியும். படிப்பை முடித்தாளா என்று நான் கேட்டதில்லை. முடித்தேன் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம்.

என்னைவிட இரண்டு வயது மூத்தவள். முறையாகப் பார்த்தால் ‘அக்கா’ என்று கூப்பிட்டிருக்க வேண்டும். ‘இங்க பாருங்க’ என்று தொடங்கியே அத்தனை வருடத்தையும் ஓட்டிவிட்டேன். அவள் என்னை ‘டொக்டர்’ என்பாள். மத்தியானம் சாப்பிடும்போது அவளுக்குத் தொலைபேசி வரும். ஊர்ப் பெண்களோடு பேசுகையில் வார்த்தைக்கு வார்த்தை ஒரு ‘கா’ விழும். ‘என்னகா’, ‘சொல்லுகா’, ‘பேந்து கதைப்பம்கா’. பக்கத்து மேசையில் தயிர்சாதத்தைக் கிளறிக்கொண்டு நான் அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பேன். என்னோடு பேசும்போது அந்தக் குரல் வராது.

மொன்ட்ரியால்-நோரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். ஏப்ரலில் பனி உருகியதும் அவள் லேபுக்குள் நுழையும்போதே செய்தி சொல்வாள். “எங்கட ஒழுங்கையில ஒரு ரோசா தப்பிட்டு.” அந்த ரோசா யார் வீட்டுக்கு முன்னால் நிற்கிறது, எந்தச் சுவர் அதற்குக் காற்றை மறைத்தது, பனி அள்ளும் வண்டி எந்தப் பக்கம் பனியைக் குவித்தது, எல்லாம் சொல்வாள். பேராசிரியர் காபிக் கோப்பையோடு நின்று கேட்பார். நான் என் கட்டுரையைப் பற்றிப் பேச ஒரு வாரம் முன்னாலேயே நேரம் கேட்டு வாங்க வேண்டும்.

லாவாலில் எங்களுக்காக நிலம் விட்டுக்கொடுத்திருந்த ஒரு ஸ்ட்ராபெரித் தோட்டக்காரர் இருந்தார். கோடையில் சென்ட் லோரன்ட் மெட்ரோ வாசலில் அவளை ஏற்றிக்கொண்டு இல்-பிசார் தீவுக்குப் போவேன். அங்கிருந்து காரையும் ஏற்றிப்போகும் சின்னப் படகில் ஆற்றைத் தாண்டினால் லாவால். தோட்டக்காரருக்கு பிரெஞ்சு தவிர எதுவும் வராது. எனக்கு பிரெஞ்சில் ‘பொன்ஜூர்’, ‘மெர்சி’ தாண்டி ஏறவில்லை. அவள் மாலை வகுப்புக்குப் போய்ப் படித்தவள். இலக்கணம் தப்பும் தவறுமாக இருக்கும், ஆனால் நிறுத்தாமல் பேசுவாள். அவள் முதன்முதலில் வந்த கோடையிலும் அவர் எனக்கு வரிசைகளைக் கையால்தான் காட்டினார். அவளை வீட்டுக்குப் பின்னால் அழைத்துப்போய், தன் மனைவி வைத்துவிட்டுப்போன பழைய பாத்தியைக் காட்டினார். வேலியோரத்தில் யாரும் கவனிக்காமல், புல்லோடு புல்லாகக் கிடந்த ஸ்ட்ராபெரி. மழைக்காலத்தில் தோட்டம் முழுக்கச் சாம்பல் அழுகல் வந்து பழமெல்லாம் நரைத்துப்போகும். அந்தப் பாத்திக்கு மட்டும் வராதாம்.

அரை மணி நேரம் கழித்து அவள் முழங்காலெல்லாம் சேறாகத் திரும்பினாள். கையில் ஒரு பை மண்.

“என்னவாம்?” என்று கேட்டேன்.

“அவர்ட மனுசி வெச்ச செடியாம். அவ செத்து ஆறு வருசமாம். அழுதிட்டார், பாவம்.”

நான் மூன்று கோடை அவரோடு வேலை செய்துவிட்டேன். அவருக்கு மனைவி இருந்தாள் என்பதே அன்றுதான் தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லும் வயது. பள்ளி விடுமுறை ஒன்றில் வேறு வழியில்லாமல் லேபுக்குக் கூட்டிவந்தேன். நான் ஒரு கூட்டத்துக்குப் போய்த் திரும்பி வந்தபோது மகளும் அவளும் தலையோடு தலை முட்டிக்கொண்டு, பாக்டீரியா வளர்க்கும் வட்டப் பிளேட் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மண்ணைத் தண்ணீரில் கலக்கிச் சூடாக்கியிருந்தாள். அந்தச் சூட்டில் மண்ணில் இருக்கும் மற்றதெல்லாம் செத்துவிடும். கெட்டியான வித்துக்கூடு கட்டிக்கொள்ளும் பாக்டீரியா மட்டும் பிழைத்து, பிளேட்டில் வெள்ளை வெள்ளைப் புள்ளியாக முளைக்கும். லேபில் அவளுக்கு மிகவும் பிடித்த வேலை அது.

அன்று வீடு திரும்பும்போது காரில் என் மகள் தானாகத் தமிழில் பேசினாள். “அம்மா, அவ்வளவு சூட்டிலயும் அது சாகல்ல.”

“சாகலைன்னு சொல்லு,” என்றேன்.

மகள் வாயை மூடிக்கொண்டாள். திருத்தாமல் இருந்திருக்கலாம் என்று சிக்னலில் நிற்கும்போதே தோன்றியது. ஆனாலும் அந்த ‘சாகல்ல’ என் வீட்டுக்குள் நுழைவதை என்னால் சகிக்க முடியவில்லை.

வேலியோரத்து மண்ணிலிருந்து வந்த பாக்டீரியா ஒன்றுக்கு அவள் ‘வேலிக்காரன்’ என்று பெயர் வைத்தாள். எல்லாவற்றுக்கும் எண்தான் கொடுப்போம். அவள் எண்ணையும் எழுதி, சின்னக் குப்பியின் மேல் தமிழில் ‘வேலிக்காரன்’ என்றும் எழுதினாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க நாங்கள் சேர்த்துவைத்திருந்த நாற்பது பாக்டீரியாக்களையும் சோதித்தோம். பிளேட்டின் ஒரு பக்கம் பூஞ்சணம், மறுபக்கம் பாக்டீரியா. பூஞ்சணம் பரவி வரும். பாக்டீரியாவை நெருங்க முடியாமல் ஓரிடத்தில் நின்றுவிடும். நடுவில் விழும் வெற்றிடம் எவ்வளவு அகலமோ அவ்வளவு வலிமை. நான் கண்டெடுத்த ஒன்று பெருவிரல் அகலத்துக்கு இடைவெளி விட்டது. பேராசிரியர் பார்த்து விசிலடித்தார். வேலிக்காரன் நகக்கீறல் அளவுக்குத்தான் விட்டது. பட்டியலில் பதினொன்றாவது இடம்.

வயலுக்கு மூன்று மட்டும் கொண்டுபோக முடியும். தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் ஒரு நெகிழிப் பெட்டியோடு என் மேசைக்கு வந்தாள். ஈரக் காகிதத்தின் மேல், பசுமைக்குடிலில் பறித்த ஸ்ட்ராபெரிப் பூக்கள், இரண்டு வரிசையாக.

“டொக்டர், பூஞ்சணம் பழத்துக்குப் பூவுக்குள்ளாலதானே போகுது? அதான் பூவில வெச்சுப் பாத்தன். இது உங்கட முதலாவது. அஞ்சு நாள்ல பூவில பக்டீரியா ஒண்டும் மிச்சமில்ல, காஞ்சு போச்சு. இது வேலிக்காரன். போட்டதவிடக் கூட இரிக்கி.”

“யார் சொல்லிப் பண்ணீங்க?”

“ஒருத்தரும் சொல்லல்ல. பாப்பமே எண்டு.”

“இது புரொட்டோகால்ல இல்லைங்க.” என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. “பதினொண்ணாவதை எப்படி நான் வயலுக்குக் கொண்டு போறது? பேராசிரியர் கேட்டா என்ன சொல்ல?”

“பூவைக் காட்டுங்களன்.”

நான் காட்டவில்லை. அவளும் என்னைத் தாண்டிப் போய்க் காட்டவில்லை. அப்படிப் போகிறவள் இல்லை என்று எனக்குத் தெரியும். அதை நம்பித்தான் பெட்டியை மூடிக் கொடுத்தேன்.

மே கடைசியில் பூ பூத்தது. பன்னிரண்டு வரிசை. மூன்று பாக்டீரியாவுக்கும் மும்மூன்று, வெறும் தண்ணீருக்கு மூன்று. காற்று தடுக்கும் மரங்களை ஒட்டிப் பதின்மூன்றாவதாக ஓர் ஓர வரிசை. அது சோதனைக்குள் சேராது. தெளிக்கும் நாளன்று முதுகில் தெளிப்பானை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

“ஓர வரிசையில வேலிக்காரனை அடிக்கப் போறன். தோட்டக்காரர் ஓம் எண்டிட்டார்.”

“அது கணக்குல வராதே.”

“வராட்டிப் பரவாயில்ல. கண்ணால பாத்தாப் போதும்.”

மூன்று முறை தெளித்தோம். மூன்று முறையும் எங்கள் வேலை முடிந்தபின் அவள் தனியாக ஓர வரிசையில் நடந்து போனாள். நான் காரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழம் சிவக்கும் வாரம் விடாமல் மழை. அழுகியது எத்தனை, நல்லது எத்தனை என்று பழங்களை எண்ண வேண்டிய நாளும் அவளுடைய கனடியக் குடியுரிமைச் சத்தியப்பிரமாணமும் ஒரே நாளில் விழுந்தன. அதைத் தள்ளிப்போட முடியாது. முந்தின நாள் மாலை, பஸ்ஸுக்குப் போகும்போது வாசலில் நின்று சொன்னாள்.

“ஓர வரிசையையும் ஒருக்கா எண்ணிருங்க, டொக்டர். நேரமிருந்தா.”

“பார்க்கறேன்,” என்றேன்.

மறுநாள் காலை வயலில் கால் வைத்ததுமே தெரிந்துவிட்டது. தண்ணீர் வரிசைகள் நரைத்துக் கிடந்தன. என்னுடைய பெருவிரல் அகலக்காரன் வரிசைகளும் அப்படியே. குந்தி ஒவ்வொரு செடியாக எண்ணினேன். நல்லது, அழுகியது, நல்லது, அழுகியது, அழுகியது. விரலெல்லாம் சாம்பல் பொடி. பன்னிரண்டாவது வரிசை முடிந்து நிமிர்ந்தபோது ஓர வரிசை கண்ணில் பட்டது.

அது சிவப்பாக இருந்தது. அப்படியே சிவப்பு. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில பழங்கள் கெட்டிருந்தன, அவ்வளவுதான். நான் அதன் ஓரமாக ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தேன். திரும்பியும் நடந்தேன். எண்ணும் கருவி கையில் இருந்தது. இருபது நிமிட வேலை.

அப்போது பழம் பறிப்பவர்கள் கூடைகளோடு வந்தார்கள். குவாத்தமாலாவிலிருந்து கோடை வேலைக்கு வந்தவர்கள். எங்கள் வரிசைகளைத் தொடக் கூடாது என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தது. அவர்களில் மூத்தவர் ஓர வரிசையைக் காட்டி, பறிக்கலாமா என்று கையால் கேட்டார்.

நான் தலையாட்டினேன்.

காருக்குப் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரத்தில் வரிசை வெறும் பச்சையாகிவிட்டது.

மறுநாள் அவள் சின்ன மேப்பிள் கொடி ஒன்றைக் கோட்டில் குத்திக்கொண்டு வந்தாள். எல்லாருக்கும் கேக் கொடுத்தாள். எனக்குக் கொடுக்கும்போது மெதுவாகக் கேட்டாள்.

“ஓர வரிசை எப்பிடி இரிந்திச்சு?”

“மழை வந்துருச்சுங்க. அவசரத்துல கவனிக்கலை. பறிச்சுட்டாங்க போலிருக்கு.”

அவள் என்னைப் பார்த்தாள். கேக் தட்டு கையில் இருந்தது. “ஓம்,” என்றாள். பிறகு அடுத்த மேசைக்குப் போனாள்.

இரண்டு நாள் கழித்து அடையாளக் குச்சிகளைப் பிடுங்க ஒன்றாகப் போனோம். அவள் நேரே ஓர வரிசைக்குப் போய்க் குந்தினாள். பறிப்பவர்கள் அழுகிய பழத்தைக் கூடையில் போடமாட்டார்கள், வரிசைக்கு நடுவில் வீசிவிட்டுப் போவார்கள். அவள் அந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீசிய பழம் அங்கே விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் கிடந்தது. எழுந்து வந்து குச்சிகளைப் பிடுங்க ஆரம்பித்தாள்.

தேர்ந்தெடுத்த மூன்று பாக்டீரியாவும் வெறும் தண்ணீரைவிட மேலாக ஒன்றும் செய்யவில்லை என்று அறிக்கை எழுதினேன். அதில் ஒரு பொய்யும் இல்லை. அந்தத் திட்டம் அத்தோடு நின்றது. என் பதவி வேறு திட்டத்தில் இருந்ததால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் வேலை அந்தத் திட்டத்தோடு போனது. அக்டோபரில் ஒரு நாள் ஃப்ரீசரில் எந்தக் குப்பி எந்தத் தட்டில் இருக்கிறது என்று நான்கு பக்கம் அழகாக எழுதி என் மேசையில் வைத்துவிட்டு, பேராசிரியரைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, போய்விட்டாள்.

நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். ஏப்ரல் வந்தது. ரோசாச் செய்தி சொல்ல யாரும் இல்லை. பேராசிரியர் காபிக் கோப்பையோடு வந்து, அவளுடைய காலி மேசையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அதற்கும் எனக்குப் பொறாமை வந்தது.

நான்கு வருடம் கழித்து ஸ்ட்ராபெரிக்கு மறுபடியும் திட்டம் கிடைத்தது, இந்த முறை என் தலைமையில். வேலிக்காரனை வெளியே எடுத்தேன். அவள் இல்லாததால்தான் எடுக்கத் தைரியம் வந்தது. இரண்டு கோடை, நல்ல மழை. இரண்டு கோடையும் அது தாக்குப்பிடித்தது. இரண்டாம் கோடை முடியுமுன்பே கட்டுரையின் வரைவை எழுதிவிட்டேன். என் பெயர் முதலில், பேராசிரியர் பெயர் கடைசியில். பாக்டீரியா ‘எங்கள் சேகரிப்பிலிருந்து எடுக்கப்பட்டது’.

கடைசி அறுவடையன்று தோட்டக்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார். எனக்காக நிறுத்தி நிறுத்தி, சின்னச் சின்னச் சொற்களாகப் பேசினார். அந்த வருடம் அந்த அம்மா ஓரத்தில் தெளித்தது இதுதானே? அந்த மழையில் தன்னுடைய பழத்தில் கடைக்குப் போனது அந்த வரிசை ஒன்றுதான். நினைவிருக்கிறதா? அவர் எப்படி இருக்கிறார்?

எனக்கு எல்லாம் புரிந்தது. ஒரு சொல்லுக்குக்கூட அர்த்தம் தேட வேண்டியிருக்கவில்லை.

மொன்ட்ரியால்-நோரில் ஒரு கார்தெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், அவள் சமையல் வேலை பார்ப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். மத்தியானம். குழந்தைகள் எல்லாம் தரையில் சின்ன மெத்தைகளில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சமையலறை வாசலில் ஏப்ரனோடு நின்றாள். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் விரலை உதட்டில் வைத்து, உள்ளே வரச் சொல்லிக் கை காட்டினாள். அதனால் நான் சொன்னதும் அவள் சொன்னதும் எல்லாமே கிசுகிசுப்பாகத்தான் நடந்தது.

பூப் பெட்டியிலிருந்து தொடங்கிக் கட்டுரை வரை எல்லாவற்றையும் சொன்னேன். கேரட் சீவிக்கொண்டே கேட்டாள்.

“எனக்குத் தெரியும், டொக்டர்.”

“எப்படி?”

“கவனிக்கல்ல எண்டு சொன்னீங்க. நீங்க கவனிக்காத ஆள் இல்லையே.”

“அப்ப ஏன் அன்னிக்கே சொல்லலை?”

“ஆரிட்டச் சொல்ற? புடுங்கின பழத்தை எப்பிடி எண்ணிக் காட்டுற? உங்கட சொல்லுக்கு முன்னால என்ட சொல் நிக்குமா?” கத்தியை வைத்தாள். “அந்தக் குளிர் முழுக்க வேலை இல்லாம வீட்டில இரிந்தன். சோத்துக்கு அரிசி களையக்குள்ள உங்கட முகம்தான் வரும்.”

“இப்பவும் கோபம் இருக்கா?”

“இரிக்கி,” என்றாள் சாதாரணமாக. “கொஞ்சம் குறைவு.”

“கட்டுரையில உங்க பேரையும் போடணும்னுதான் வந்தேன்.”

“பேரையும் எண்டா? எத்தினையாவதா?”

நான் மேடையில் கிடந்த கேரட் தோலை ஓரமாக ஒதுக்கினேன்.

“மண் எடுத்தது நான். பூவில வெச்சுப் பாத்தது நான். மூண்டு தரமும் முதுகில சுமந்து அடிச்சது நான்,” என்றாள். ஒரு குழந்தை புரண்டு படுத்தது. இருவரும் அது அடங்கும்வரை காத்திருந்தோம். “முதலாவதாப் போடுங்க.”

“முதலாவதாவா?”

அந்தச் சொல் என்னை அறியாமல் வெளியே வந்துவிட்டது. அவள் என்னை நன்றாகப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. வயலில் எத்தனையோ நாள், நான் அழுகிய பழத்தைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும்போது, எட்டத்திலிருந்து இப்படித்தான் பார்த்திருக்கிறாள்.

“ஓம்,” என்றாள்.

பேராசிரியரிடம் அடுத்த நாளே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பழைய அறிக்கைக்கு நடந்ததை எழுதி ஒரு திருத்தம் அனுப்பச் சொன்னார். திட்டத்தின் அடுத்த கட்டத்தை வேறொருவரிடம் கொடுத்தார். நான் எதிர்பார்த்ததுதான். அவளுக்குத் தொலைபேசி செய்து அரை மணி நேரம் பேசினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை.

கட்டுரை போன மாதம் வெளியானது. வெளியான அன்றே அவள் அழைத்தாள்.

“வந்திரிக்கி, பாத்தன். மகன் போன்ல எடுத்துக் காட்டினான்.” குரலில் சந்தோஷம் இருந்தது, மறைக்கவில்லை. பிறகு கொஞ்சம் தயங்கினாள். “டொக்டர், என்ட பேர்ல ஒரு எழுத்து விட்டுப்போச்சு.”

கணினியைத் திறந்து பார்த்தேன். உண்மைதான். முதல் பெயராக, எல்லாவற்றுக்கும் மேலே, ஓர் எழுத்துக் குறைந்து வேறு யாரோ ஒருத்தியின் பெயராக நின்றது.

“திருத்திடலாம்ங்க. இன்னிக்கே எழுதறேன்.”

“ஓம். எழுதுங்க,” என்று வைத்துவிட்டாள்.

அன்றே எழுதினேன். இரண்டு நாளில் திருத்திவிட்டார்கள். கை தவறிவிட்டது என்று பேராசிரியரிடம் சொன்னேன்.

அச்சுக்குப் போகுமுன் பக்கங்களைச் சரிபார்த்தது நான்தான். மூன்று முறை படித்தேன். என் பெயரில் ஒரு புள்ளிகூட இடம் மாறவில்லை.